எலும்புக்கும் உயிர் உண்டு



சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன் ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்து, முழங்கைக்கு மேலே எலும்பை முறித்துக்கொண்டான். வீட்டார் மூங்கில் பத்தை வைத்துத் துணியால் இறுகக் கட்டி, “தானே கூடிவிடும்” என்றிருந்தனர். மறுநாள் பார்க்கப் போனேன். விரல்கள் வீங்கி, குளிர்ந்து, நீலம் பாரித்திருந்தன. மருத்துவமனைக்கு ஓடினோம். எலும்பு கூடியது, ஆனால் விரல்களை இன்றும் அவனால் நீட்ட முடியாது. இறுகிய கட்டினுள் வீக்கம் பெருகி, இரத்தம் ஓடாமல் தசை பட்டுப்போயிற்று. இந்த ஊனத்தைப் பற்றி ஜெர்மன் மருத்துவர் ரிச்சர்ட் ஃபோல்க்மன் 1881இலேயே எழுதியிருக்கிறார்.

எலும்பைக் காய்ந்த விறகென்று எண்ணுவதே நம் தவறு. அது உயிருள்ள மரம். ரப்பர் மரத்துக்குப் பட்டை இருப்பதுபோல் எலும்புக்கும் மேலே ஒரு சவ்வு உண்டு. வெட்டிய பட்டை மீண்டும் வளர்கிறதல்லவா? அதுபோல் இச்சவ்வும் புது எலும்பை வளர்க்கும். அதன் கீழே கெட்டியான பகுதி. அதனுள் மயிரிழை போன்ற குழாய்களில் இரத்த நாளங்கள் ஓடுகின்றன. உள்ளே கடற்பஞ்சு போன்ற பகுதியும் மச்சையும் உள்ளன. நம் இரத்த அணுக்கள் பிறப்பது செம்மச்சையில்தான். நீண்ட எலும்பின் நடுவே சிறு துளை வழியாக ஒரு தமனி நுழைந்து உணவளிக்கிறது. முறிந்த இடம் கூடுவதற்கும் இந்த இரத்தமே வேண்டும்.

பிறக்கும்போது ஏறக்குறைய 300 எலும்புகள்; பல ஒன்றுசேர்ந்து, வளர்ந்தபின் 206 ஆகின்றன. பிள்ளைகளின் நீண்ட எலும்புகளின் நுனியருகே வளர்ச்சிக் குருத்தெலும்பு இருக்கிறது. அதனால்தான் அவர்கள் உயரமாகிறார்கள். அதில் அடிபட்டுக் கவனிக்காமல் விட்டால் கை கால் குட்டையாகலாம், கோணலாகலாம்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை விழுந்தால் இழுக்காதீர்கள், உருவாதீர்கள். மடித்த செய்தித்தாளையோ பலகையையோ அணைத்து, தளர்வாகக் கட்டி, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். விரல் மரத்தாலும், வெளுத்தாலும், நீலமானாலும், வலி கூடிக்கொண்டே போனாலும் கட்டை உடனே தளர்த்துங்கள். மாவுக்கட்டுப் போட்ட பிறகு இப்படியானால், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குத் திரும்புங்கள்.

அந்த மாணவன் இப்போது இடக்கையால் எழுதுகிறான். அழகான கையெழுத்துத்தான். ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம், முதல் நாளே போய்ப் பார்த்திருக்கலாமே என்று என் மனம் அடித்துக்கொள்கிறது.