ஏணிக்கு அடியில் 1,330 பேர்

கிரிஸ் மணிமேக்கர் என்பது அவர் பெயர். தமிழில் சொன்னால் 'பணம் பண்ணுபவர்'! புனைபெயரல்ல தோழர்களே, குடும்பப் பெயரே அதுதான். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கணக்கெழுதிப் பிழைத்தவர், வயது 27. 2003-ஆம் ஆண்டு, 86 டாலர் கட்டி இணையத்தில் ஒரு போக்கர் சீட்டாட்டப் போட்டியில் உட்கார்ந்தார். வென்றார், அடுத்த போட்டிக்கு ஏறினார். அதிலும் வென்று, லாஸ் வேகாஸ் நகரில் நடக்கும் உலகப் போக்கர் தொடரின் முதன்மை ஆட்டத்தில் ஓர் இடம் பெற்றார். அந்த இடத்தின் விலை 10,000 டாலர். அங்கேயும் வென்றார். பரிசு 25 லட்சம் டாலர்!

கேட்டவர் வாய் பிளந்தனர். கணக்கர் வென்றார் என்றால் காவல்காரன் வெல்லமாட்டானா, கார் ஓட்டுபவன் வெல்லமாட்டானா என்ற ஆசை நாடெங்கும் பரவிற்று. முதன்மை ஆட்டத்துக்கு 2003-இல் வந்தவர்கள் 839 பேர். 2004-இல் 2,576. 2005-இல் 5,619. 2006-இல் 8,773! இத்தனை பேரும் 10,000 டாலரை மடியில் முடிந்துகொண்டு வந்த சீமான்களா? இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் சிறு தொகை கட்டி, இணையத்தில் 'சாட்டிலைட்' போட்டி ஆடி, ஏணி ஏறி வந்தவர்கள்.

சாட்டிலைட் என்றால் துணைக்கோள். பெரிய ஆட்டம் கோள். அதைச் சுற்றிச் சுழலும் சிறு ஆட்டங்கள் துணைக்கோள்கள். அவற்றில் வென்றால் பெரும்பாலும் காசு கிடையாது. பெரிய ஆட்டத்தில் உட்கார இடம் கிடைக்கும். நாம் தேர்தல் நேரத்தில் சொல்கிறோமே, அதுபோல ஒரு 'சீட்'. இணையம் வருமுன்பே இந்த வழி வந்துவிட்டது. எரிக் டிராக் என்பவர் லாஸ் வேகாஸில் கண்ட உபாயம் இது. 10 பேர் ஆளுக்கு 1,000 டாலர் வைத்தால் 10,000. வெல்கின்ற ஒருவருக்கு முதன்மை ஆட்டத்தில் இடம். 1983-இல் டாம் மெக்கவாய் என்பவர் இந்த வழியே வந்து பட்டத்தையே வென்றார். அவரும் ஒரு காலத்தில் கணக்கர்தான்! கணக்கர்கள் இருவர் வென்ற ஆட்டமாயிற்றே, நாமும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆலைத் தோழர்களுக்கு ஏலச்சீட்டு தெரியும். 20 பேர் சேர்ந்து மாதந்தோறும் கட்டுவார்கள். இம்மாதம் ஒருவர் எடுப்பார், அடுத்த மாதம் இன்னொருவர். பொறுத்திருந்தால் எல்லோருக்கும் முறை வரும். சாட்டிலைட்டும் பலர் காசை ஒருவர் கையில் சேர்ப்பதுதான். வேறுபாடு ஒன்றே: மற்றவர்களுக்கு முறை வரவே வராது!

எளிதாகப் புரிய, ரூபாயில் ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மூன்று படி ஏணி. முதற்படியில் நுழைய 110 ரூபாய். 100 பரிசுக்கு, 10 ஆட்டம் நடத்துபவனுக்குக் கட்டணம். 11 பேர் உட்கார்ந்தால் பரிசு 1,100. வென்றவன் கையில் அது வராது. 1,100 ரூபாய் இரண்டாம் படிக்கான நுழைவாகிவிடும். அங்கே 1,000 பரிசுக்கு, 100 கட்டணம். மீண்டும் 11 பேர். வென்றவனுக்கு 11,000 ரூபாய். அதுவும் கையில் வராது, மூன்றாம் படிக்கான நுழைவு. அங்கே 10,000 பரிசுக்கு, 1,000 கட்டணம். மூன்றாம் படியில் வென்றவனுக்கு 1,10,000 ரூபாய் மதிப்புள்ள இடம்.

உச்சியில் ஒருவன் நிற்க, அடியில் எத்தனை பேர் வேண்டும்? 1,331 பேர். அவர்கள் சட்டைப்பையிலிருந்து வந்தது 1,46,410 ரூபாய். உச்சிக்குப் போனது 1,10,000. மீதி 36,410 ரூபாய் எங்கே? முதற்படியில் 13,310, இரண்டாம் படியில் 12,100, மூன்றாம் படியில் 11,000 என நடத்துபவன் பெட்டிக்குப் போயிற்று. வாசலில் என்ன சொன்னான்? '110-க்கு 10தான் எங்கள் கூலி' என்றான். ஏணி முடிவில் எடுத்தது என்ன? ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு! ஒரே பணத்தை மூன்று முறை சுங்கச்சாவடி வழியாக ஓட்டி, மூன்று முறையும் வரி வாங்கிவிட்டான். உச்சியிலும் விடுவதில்லை. 2003-இல் 839 பேருக்கு உரிய நுழைவுத்தொகை 83 லட்சத்து 90 ஆயிரம் டாலர். பரிசாகப் பிரிக்கப்பட்டது 78 லட்சத்து 2 ஆயிரத்து 700.

'இது திறமை ஆட்டம், திறமைசாலி முன்னேறுவான், உமக்கு என்ன கவலை?' என்பார்கள். திறமை உண்டு, மறுக்கவில்லை நாம். ஆனால் அந்தத் திறமை எப்படிப்பட்டது? பத்து இடம் தரும் சாட்டிலைட்டில் முதல்வனுக்கும் இடம், பத்தாவது ஆளுக்கும் அதே இடம். ஆகவே முதல்வனாக வருவதில் பயனில்லை. பதினொன்றாவது ஆளாக வெளியேறாமல் இருந்தாலே போதும். 11 பேர் மிஞ்சியிருக்கும் வேளையில், காய் நிறைய வைத்திருக்கும் கைதேர்ந்தவன் இரண்டு 'ஏஸ்' கிடைத்தாலும் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருப்பான். புதிதாக வந்த தொழிலாளி என்ன செய்வான்? நல்ல சீட்டு வந்ததே என்று மகிழ்ந்து, இருப்பதையெல்லாம் நடுவில் தள்ளித் தோற்று எழுந்திருப்பான். திறமைசாலியின் சாப்பாடு அவன்தான். அவன் திறமை கற்றுக்கொண்டாலும் கட்டணம் ஒரு காசு குறையாது. இடமும் ஒன்று கூடாது. வேறொருவன் அவனுக்குப் பதில் தோற்பான், அவ்வளவே.

மணிமேக்கர் கதையிலேயே ஒரு செய்தி உண்டு. விளம்பரக்காரர்கள் அதை உரக்கச் சொல்வதில்லை. அவர் ஆடிய கடைசி இணையப் போட்டியில் முதல் மூவருக்கு லாஸ் வேகாஸ் இடம். நாலாமவருக்கு 8,000 டாலர் ரொக்கம். கடன் இருந்ததால் அந்த ரொக்கத்தையே விரும்பியதாக அவரே பிற்காலத்தில் சொன்னார். நண்பரொருவர் பேசித்தான் மனம் மாறினார். கடன்பட்டவன் கண்ணுக்கு நாலாமிடம் பெரிதாகத் தெரிந்தது. அது நியாயமான கண்!

இனி, அந்தப் பெட்டியில் போட்ட பணம் பத்திரமாக இருந்ததா? 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சல்யூட் போக்கர் ஆகிய மூன்று நிறுவனங்களின் நிறுவனர்கள்மீது குற்றம் சாட்டிற்று. ஃபுல் டில்ட் ஆட்டக்காரர்களுக்குத் தரவேண்டியது சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி. உடைமையாளர்கள் பிரித்துக்கொண்டதோ 44 கோடிக்கு மேல் என்றனர் அரசு வழக்கறிஞர்கள். அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்பத் தொடங்கியது 2014-இல்தான். மூன்றாண்டு காத்திருக்க முடிந்தவர்கள் காத்திருந்தார்கள். வாடகை கட்டவேண்டியவர்கள் என்ன ஆனார்கள்?

அமெரிக்கக் கதை நமக்கேன் என்று கேட்காதீர். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை 2022-இல் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடியும் நிறைவேற்றியது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடையிலிருந்து அவற்றை விடுவித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் செய்த சட்டமோ, திறமையா வாய்ப்பா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எதுவாயினும் கூடாது என்றது. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. அவ்வழக்குகளை உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

வழக்கு மன்றத்தில் சட்டம் வாதிடட்டும். நம் படிப்பகங்களில் கரும்பலகை இருக்கிறது, மாலையில் கைப்பேசியோடு வந்து உட்காரும் இளைஞர்களும் இருக்கிறார்கள். 11-ஐ மூன்று முறை பெருக்கி எழுதிக் காட்டுங்கள். பக்கத்தில் 36,410 என்ற எண்ணையும் எழுதுங்கள். அது யாருடைய கூலி என்று அவர்களையே கேளுங்கள்.