இரண்டு டிக்கட்டில் ஒரு பயணம்

சகோதரிகளே, லுணுகலையில் இருப்பவளுக்கு விமானத்தைப் பற்றி என்ன கதை என்று நினைக்காதீர்கள். பிரிந்த உறவைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டியவர்கள் உங்களிலும் பலர் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1977 கலவரத்தில் எங்கள் லயத்தை விட்டுப் போன அக்கா, கிளிநொச்சியில் குடியேறினார். 2006இல் சண்டை மறுபடி மூண்டபோது அவரது மகள் ஐந்து வயதுப் பிள்ளையோடு மன்னாரில் படகேறி, தமிழ்நாட்டின் மண்டபம் முகாமுக்குப் போனாள். 2023இல் அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம். பேத்தியின் கழுத்தில் தாலி ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார் அக்கா. துணைக்கு நான் போனேன்.

கிளிநொச்சிக்குக் கட்டுநாயக்காவை விடப் பலாலி எவ்வளவோ கிட்ட. 2019 ஒக்டோபர் 17இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலியில், கொரோனாவால் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பர் 12இல் மீண்டும் தொடங்கியிருந்தது. நாங்கள் போனபோது வாரத்தில் 4 நாள்தான் விமானம். ஏறத்தாழ 70 பேர் ஏறும் சிறிய விமானம். கல்யாணத்துக்கு முதல்நாள் விமானத்தில் சென்னைக்கும், அங்கிருந்து வேறொரு கம்பனியில் மதுரைக்கும் டிக்கட் எடுத்தோம். தனித்தனியாக எடுத்தால் மலிவு என்று நான்தான் சொன்னேன். இடையில் இரண்டு மணித்தியாலம் போதும் என்றும் நானே கணக்குப் போட்டேன்.

அன்று காலநிலை சரியில்லாமல் விமானம் ஒரு மணித்தியாலம் பிந்தியது. சென்னையில் குடிவரவு வரிசை, பொதி எடுப்பது, சுங்கம் எல்லாம் முடித்து உள்நாட்டுப் பகுதிக்கு ஓடினோம். கவுண்டர் மூடியிருந்தது. இரண்டாவது டிக்கட்டின் காசு போனது. இரவு பஸ்ஸில் புறப்பட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. அக்கா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் இன்றும் மனதை அறுக்கிறது.

பதுளையில் கடைசி பஸ்ஸை விட்டால் எப்படியாவது பசறை வரைக்கும் போய்ச் சேரலாம். விமானம் அப்படியல்ல. ஆகவே சில விடயங்களை மனதில் வையுங்கள்.

முடிந்தவரை முழுப் பயணத்தையும் ஒரே டிக்கட்டாக எடுங்கள். முதல் விமானம் பிந்தினால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு பெரும்பாலும் அவர்களுடையது. தனித்தனி டிக்கட் என்றால் நட்டம் உங்களுடையது.

ஒரே டிக்கட்டானாலும், இந்தியாவுக்குள் முதலில் இறங்கும் இடத்திலேயே குடிவரவும் சுங்கமும் உண்டு. பொதியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். உள்நாட்டு விமானத்தின் கவுண்டரைப் புறப்பட ஒரு மணித்தியாலம் இருக்கும்போதே மூடிவிடுவது வழக்கம். அதனால் இடையில் நான்கைந்து மணித்தியாலமாவது விடுங்கள்.

சிறிய நிலையத்திலிருந்து போகிறவர்கள் அடுத்த விமானம் என்றைக்கு என்று முன்பே கேட்டு வையுங்கள். பஸ்ஸுக்கும் ஓர் இரவுத் தங்கலுக்கும் கையில் காசு வேண்டும்.

கல்யாணம், சடங்கு என்றால் இரண்டு நாள் முந்தியே போய்விடுங்கள். பதினேழு வருசம் காத்திருந்த அக்காவுக்கு, ஒரு நாள் முந்திப் போவது பெரிய காரியமாக இருந்திருக்காது.