ஒரு வருஷம் போச்சா?

“தொண்ணூறு பெர்சென்ட் எடுத்த பிள்ளையை மறுபடியும் ஸ்கூல்ல உட்கார வைக்கிறாங்களாம். ஒரு வருஷம் வேஸ்ட்!” ப்ளஸ் டூ முடித்தவர்கள் ஜெர்மனிக்குப் போகலாமா என்று பேச்செடுத்தாலே, யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். பிள்ளை மேல் இருக்கும் பாசத்தில் சொல்வதுதான். ஆனாலும் அது தவறு. அந்தத் தவறு எத்தனையோ குடும்பங்களைக் கடனில் தள்ளுகிறது.

அவர்கள் சொல்லும் ‘ஸ்கூல்’ ஸ்டூடியன்கொல்லெக். வெளிநாட்டு மாணவர்களுக்கான இரண்டு செமஸ்டர் ஆயத்தப் படிப்பு. பொறியியலுக்குப் போகிறவர்கள் ‘டி’ பிரிவில் கணிதம், இயற்பியலோடு ஜெர்மன் மொழியும் படிக்கிறார்கள். மருத்துவத்துக்கு ‘எம்’ பிரிவு. முடிவில் ஒரு தகுதித் தேர்வு. அதில் தேறினால் அந்தத் துறையில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

இதை ஜெர்மனியில் ஏன் கேட்கிறார்கள் என்று புரிய, அந்த ஊர்ப் பள்ளிப் படிப்பைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் நாலாம் வகுப்பு முடிந்ததுமே பிள்ளைகள் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கென்றே அமைந்த வகை கிம்னாசியும். பன்னிரண்டு அல்லது பதின்மூன்று ஆண்டுப் படிப்பின் முடிவில் அபிட்டூர். அதன் மொத்தம் 900 புள்ளிகளில் 600 கடைசி இரண்டு ஆண்டுகளின் பாடங்களிலிருந்து வருகிறது. இறுதித் தேர்வுகளுக்கு 300தான். அதிலும் வாய்மொழித் தேர்வு உண்டு. அபிட்டூர் சான்றிதழ் வெறும் மார்க் ஷீட் அல்ல. இவர் பல்கலைக்கழகத்தில் படிக்கத் தகுதியானவர் என்பதே அதில் எழுதியிருக்கும் செய்தி.

நம் ப்ளஸ் டூ அந்தச் செய்தியைச் சொல்கிறதா? நம் நாடே அப்படி நினைக்கவில்லையே! டாக்டருக்கு நீட் வேண்டும். ஐஐடிக்கு ஜேஇஇ வேண்டும். சொந்த ஊரிலேயே இன்னொரு தேர்வை ஏற்றுக்கொள்கிற நாம், அடுத்த நாடு கேட்டால் மட்டும் அவமானம் என்கிறோம். ஜேஇஇ அட்வான்ஸ்டில் தேறியவருக்குத் தொழில்நுட்பப் படிப்புகளில் ஜெர்மனி நேரடி வழி கொடுக்கிறது. இங்கே அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஓராண்டு தேறியவருக்கும் அதே துறையில் வழி உண்டு. மார்க்கையும் அவர்கள் தூக்கிப் போடுவதில்லை. அங்கே 1 மிக உயர்ந்தது, 4 தேர்ச்சிக் கோடு. தேர்ச்சிக்கு 35 என்றால், நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்தவர் வழக்கமான சூத்திரப்படி ஏறத்தாழ 1.5 பெறுகிறார். இது நல்ல மதிப்பெண்.

என் கோபமெல்லாம் இந்த ‘வேஸ்ட்’ என்ற சொல்லை வைத்துப் பிழைப்பவர்கள் மேல்தான். ஒரு வருஷத்தை மிச்சப்படுத்தித் தருகிறேன் என்கிறார்கள். ஜெர்மன் வேண்டாம், ஆங்கிலத்திலேயே படிக்கலாம் என்கிறார்கள். கடைசியில் கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். ஆண்டுக்குப் பல ஆயிரம் யூரோ! அரசு நடத்தும் ஸ்டூடியன்கொல்லெக்குகள் பெரும்பாலும் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. அந்த வருஷம் செலவே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். விசாவுக்காக வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ. வாடகையும் சாப்பாடும் அதிலிருந்துதான். ஆனால் அந்தச் செலவு தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் உண்டு. கட்டணம் அதற்கு மேல்.

அந்த ஒரு வருஷத்தில் பிள்ளை என்ன பெறுகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. நம் பிள்ளைகள் கணக்குக்கு விடை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள். அங்கே கணிதத் துறையில் முதல் செமஸ்டரிலேயே நிரூபணம் எழுதச் சொல்வார்கள், அதுவும் ஜெர்மன் மொழியில். பக்கத்தில் உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வைக்க ஆள் கிடையாது. ஒரு கட்டாயத் தேர்வில் பொதுவாக மூன்று வாய்ப்புதான். மூன்றாவதிலும் தவறினால் அந்தப் பல்கலைக்கழகத்தை விட்டுப் போவதோடு முடியாது. அதே படிப்பை ஜெர்மனியில் வேறெங்கும் தொடரவும் முடியாது. அந்த நிலைக்குப் போனால் வருஷங்கள் உண்மையாகவே போகும். அப்படி ஆகாமல் தயார்ப்படுத்துவதுதான் இந்த ஒரு வருஷம்.

அரசு ஸ்டூடியன்கொல்லெக்கில் நுழையவே ஒரு தேர்வு எழுத வேண்டும். ஜெர்மன் மொழியில் குறைந்தது பி1 நிலையாவது கேட்பார்கள், பல இடங்களில் பி2. ப்ளஸ் ஒன்னிலேயே மொழி வகுப்பில் சேர்த்துவிட்டால் ப்ளஸ் டூ ரிசல்ட் வரும்போது அது கைவசம் இருக்கும். சென்னையில் மாக்ஸ்முல்லர் பவனில் கற்றுத் தருகிறார்கள்.