ஹோஸைக் கழற்றி விட்டா பிரச்சினை தீராது பாஸ்!

குற்றாலம் சீசன் தொடங்கிட்டா தென்காசி ரோடு முழுக்க கார்தான். ஐந்தருவியில் பார்க்கிங் கிடைக்கிற வரைக்கும் ஐடிலிங்கிலேயே ஊர்ந்து போகும். அதுல சில பழைய பெட்ரோல் வண்டிகளின் பானெட்டைத் திறந்தா, பிசிவி ஹோஸ் கழற்றப்பட்டு தரையைப் பார்த்துத் தொங்கும். "த்ராட்டில்ல ஆயில் அடிக்குதுல்லா, வெளிய விட்டா சரியாயிரும்" என்பார்கள். மெக்கானிக்கல் படிக்கிற நம்ம பசங்களே இதை 'மாடிஃபிகேஷன்'னு பெருமையா சொல்றாங்க. இது தப்பு என்பதுதான் என் கட்சி.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கொஞ்சம் வாயு கிராங்க் கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும், புது என்ஜினிலும்கூட. அதுதான் ப்ளோ-பை. எரியாத பெட்ரோலும் நீராவியும் அதில் இருக்கும். ஒரு காலத்தில் இதைக் குழாய் வழியா ரோட்டிலேயே விட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் புகைமூட்டத்தில் இதுக்கும் பங்கு உண்டுன்னு தெரிஞ்ச பிறகு, 1960-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் பிசிவி கட்டாயமானது. அறுபது வருஷத்துக்கு முந்தைய தவறைத்தான் நாம இப்போ புதுசா செய்றோம்.

கார்ப்பரேட்டர் காலத்துக் கைவைத்தியம் இன்ஜெக்‌ஷன் என்ஜினுக்குச் சரிவராது. மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில், கிராங்க் கேஸுக்குப் போகும் புதுக்காற்றும் அந்த சென்சாரைத் தாண்டித்தான் வரணும். அந்தக் குழாயைக் கழற்றிட்டா, கணக்கில் வராத காற்று பிசிவி வழியா மேனிஃபோல்டுக்குள் நுழையும். கலவை லீன் ஆகும், ஐடிலிங் தடுமாறும், செக் என்ஜின் லைட்டும் எரியலாம். சரி, மேனிஃபோல்ட் பக்கத்தை அடைச்சிட்டு ஹோஸை வெளியே விட்டா? உள்ளே இருக்கிற ஈரத்தை இழுத்து வெளியேற்ற ஆளே கிடையாது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகும். பெரும்பகுதி சைலன்சர் வழியா போயிடும். கொஞ்சம் கீழே இறங்கும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆயில் நல்லா சூடாகும் முன்னாடியே வண்டியை ஆஃப் பண்ணிடுவோம். சாரல் நாளில் தினமும் இப்படி ஓடினா, ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரி வெள்ளைப் பசை படியும்.

"பியூசி பாஸ் ஆகுதே?"ன்னு கேட்கலாம். அந்தக் கருவியின் குழாயைச் சைலன்சரில்தான் சொருகுறாங்க. பானெட்டுக்குள் தொங்கும் ஹோஸ் அதுக்குத் தெரியாது. சர்டிஃபிகேட் கையில் இருக்கும், பெட்ரோல் ஆவி அருவிக்குப் போற குழந்தைகள் மூக்கில் இருக்கும்.

அப்போ என்ன செய்யலாம்? வால்வைக் கழற்றிக் குலுக்கினா, சாதாரண ஸ்பிரிங் வால்வில் கடகடன்னு சத்தம் வரணும். ஐடிலிங்கில் அதன் வாயில் விரலை வைத்தா இழுவை தெரியணும். இல்லைன்னா வால்வையும் வெடித்த ஹோஸையும் மாத்துங்க. ஆயில் அளவு டிப் ஸ்டிக் குறியைத் தாண்டியிருக்கான்னு பாருங்க. அதுக்கும் அடங்கலைன்னா கம்ப்ரஷன் டெஸ்ட். ரிங் தேய்ந்திருந்தா செலவு அங்கேதான். கேட்ச் கேன் ஆசை இருந்தா, காற்று புகாம மூடின வகையை வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் போடுங்க. நிறையும் முன்னாடி காலி பண்ணுங்க.

காய்ச்சல் வந்தா தெர்மாமீட்டரை உடைக்கிறது வைத்தியம் இல்லை. த்ராட்டிலில் வரும் ஆயில், என்ஜின் நமக்குச் சொல்ற சேதி. பட்டறை அண்ணாச்சி "கழற்றி விட்டிரவா தம்பி?"ன்னு கேட்டா, "வேண்டாம்ணே, ஏன் வருதுன்னு முதல்ல பார்ப்போம்"னு சொல்லுங்க. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிக்கிறதுக்கு அதுவாவது பயன்படட்டும்.