ஊர் சேர்ந்த பின் கட்டுச்சோறா?

'உபகாரச் சம்பளம்' என்றொரு சொல் நம் நாட்டிலே நெடுநாள் வழங்கிற்று. படிக்கின்ற பிள்ளைக்கு அரசும் பல்கலைக் கழகமும் தருகின்ற பணத்துக்கு அந்நாளில் இட்ட பெயர் அது. உபகாரமாம்! கொடுப்பவன் புண்ணியவான், வாங்குபவன் கையேந்தி என்ற பொருள் அந்தப் பெயருக்குள்ளேயே பதுங்கிக் கிடந்தது. அந்தச் சொல்லை விரட்டினோம்; 'உதவித்தொகை' என்று தமிழில் எழுதினோம். சொல் மாறிற்று, தோழர்களே! சொல்லுக்குள் குடியிருந்த மனம் மாறிற்றா?

மேல்நிலைத் தேர்வின் முடிவு வெளிவருகின்ற நாட்களிலே, சேலத்திலிருந்து நாமக்கல் வரை ஒரு முறை போய்ப் பாருங்கள். சாலையின் இருமருங்கும் விளம்பரப் பதாகைகள். இத்தனை மதிப்பெண் எடுத்தவனுக்குக் கட்டணத்தில் இத்தனை விழுக்காடு தள்ளுபடி! மாநில அளவில் பதக்கம் வென்றவனுக்குச் சிறப்புச் சலுகை! பக்கத்திலே சென்ற ஆண்டு சேர்ந்த பிள்ளையின் படம், கழுத்திலே பதக்கம், முகத்திலே சிரிப்பு. அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த சலுகை, அவன் முகத்தை வாடகைக்கு எடுத்த தொகை. கல்விக் கணக்கிலே எழுத வேண்டியதா அது? விளம்பரச் செலவிலே எழுத வேண்டியது!

பதக்கம் கொண்டு வா, கட்டணத்தைக் குறைக்கிறோம் என்கிறார்கள். பணம் கொண்டு வா, இடம் தருகிறோம் என்கிறார்கள். இரண்டும் இல்லாதவன் எங்கே போவான்? பள்ளிபாளையத்திலே தறி இருக்கிறது. திருச்செங்கோட்டிலே ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி இருக்கிறது. ஆத்தூரிலே மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் சேகோ ஆலை இருக்கிறது. போகட்டும் அங்கே என்று சொல்லாமல் சொல்கின்றன அந்தப் பதாகைகள்.

மேடையிலே பேசுவதோடு நாடகமும் எழுதுகிறவன் நான். ஆகவே ஒரு காட்சி.

உதவித்தொகை வழங்கும் குழு. தலைவர், திருவாளர் தகுதியார். எதிரே எழுத்தர், கையிலே மூன்று விண்ணப்பங்கள்.

எழுத்தர்: ஐயா, முதல் விண்ணப்பம். மெட்ரிகுலேஷன் தேர்வில் 750-க்கு 282.

தகுதியார்: நூற்றுக்கு முப்பத்தெட்டுகூட இல்லையே! இவனுக்கு எதற்குக் கல்லூரி? தள்ளு.

எழுத்தர்: அடுத்தவர் கணக்கிலே புலி, ஐயா. ஆனால் ஆங்கிலத்திலே தோல்வி. முன்பு கிடைத்துவந்த உதவித்தொகையும் பறிபோயிற்று.

தகுதியார்: தோற்றவனுக்குத் தொகையா? தள்ளு, தள்ளு!

எழுத்தர்: மூன்றாவது பையனுக்கு ஐந்து வயதிலே பேருந்து ஏறி வலக்கால் நசுங்கியிருக்கிறது. தாய் கூலி வேலைக்குப் போகிறார். உயரம் தாண்டப் பயிற்சி வேண்டுமாம்.

தகுதியார்: பதக்கம் உண்டா?

எழுத்தர்: இனிமேல்தான் வாங்க வேண்டும், ஐயா.

தகுதியார்: வாங்கியபின் வரச் சொல்!

திரை.

தள்ளப்பட்ட மூவர் யார், தெரிகிறதா தோழர்களே? முதலாமவர், 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறி, பின்னாளில் இந்திய நாட்டின் அரசியலமைப்புச் சட்ட வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அண்ணல் அம்பேத்கர். இரண்டாமவர், கும்பகோணத்துக் கல்லூரியிலே உதவித்தொகையை இழந்து, சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேறாமல் நின்ற கணிதமேதை இராமானுசன். மூன்றாமவர், நம் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு.

நல்ல வேளையாக, 1913-ஆம் ஆண்டிலே தகுதியார் தலைமை வகிக்கவில்லை. அந்த ஓராண்டிலே இரண்டு உதவித்தொகைகள் வழங்கப்பட்டன. பட்டமே இல்லாத இராமானுசனுக்குத் திங்கள்தோறும் 75 ரூபாய் கொடுத்து, ஆராய்ச்சி செய் என்றது சென்னைப் பல்கலைக் கழகம். அம்பேத்கரைத் தன் செலவிலே நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக் கழகத்துக்கு அனுப்பிற்று பரோடா அரசு. ஐந்தே ஆண்டில், 1918-இல், இராமானுசன் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். அம்பேத்கர் என்ன ஆனார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை; ஊர்தோறும் நிற்கும் சிலைகள் சொல்லும். மதிப்பெண் பட்டியலைப் பார்த்துக் கொடுத்திருந்தால் இருவருக்கும் இல்லை! தேவை அறிந்து, திறனை நம்பி, வெற்றிக்கு முன்னே கொடுத்தார்கள், விளைந்தது.

மாரியப்பனுக்கு நாடு என்ன செய்தது? 2016-இல் ரியோ நகரத்து மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கிலே 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். உடனே தமிழ்நாட்டு அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. ஒன்றிய அரசு 75 இலட்சம் அறிவித்தது. வாழ்த்துகிறோம்; வரவேற்கிறோம். பிறகு டோக்கியோவிலே வெள்ளி, 2024-இல் பாரிசிலே வெண்கலம். அடுத்தடுத்த மூன்று மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கிலும் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர். ஆனால், 2 கோடிக்கு முன்னே கழிந்த ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் தாய் ஈட்டிய காசிலே, மகனின் மருத்துவக் கடனும் அடைய வேண்டும், அடுப்பும் எரிய வேண்டும். அந்நாளிலே அந்தக் குடிசைக்குச் சில ஆயிரங்கள் போயிருந்தால், அவை கோடிக்குச் சமம்!

சின்னப்பம்பட்டி நடராசனைப் பாருங்கள். தந்தை நெசவுக் கூலி. தாய் சாலையோரக் கடைக்காரர். 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்திலே மூவகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். ஒரே சுற்றுப்பயணத்தில் அப்படி அறிமுகமான முதல் இந்தியர். கையிலே பணம் வந்ததும் அவர் செய்தது என்ன? 2023-இல் தம் சிற்றூரிலேயே ஒரு விளையாட்டுத் திடலைத் திறந்தார். மாரியப்பனும் பரிசுப் பணத்தில் ஒரு பகுதியைத் தாம் படித்த அரசுப் பள்ளிக்கென அறிவித்தார். இருவரும் நடந்துவந்த வழி அவர்களுக்குத் தெரியும். முள் எங்கே இருந்தது என்பதும் தெரியும். ஆகவே வெல்லப் போகிறவனுக்கு முன்கூட்டியே கொடுத்தார்கள். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளங்கிய இந்தப் பொருளியல், கோப்பு புரட்டும் கோமான்களுக்கு ஏன் விளங்கவில்லை?

வழிநடைப் பயணம் போகிறவனுக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். எப்போது கொடுப்போம்? வாசற்படி தாண்டும்போது! ஊர்போய்ச் சேர்ந்தபின், பசியோடு வந்து சேர்ந்தாயே, பலே, இந்தா கட்டுச்சோறு என்று எந்தத் தாயும் கொடுத்ததில்லை. இன்றைய 'தகுதி' உதவித்தொகை அப்படித்தான் கொடுக்கிறது. வழியிலே விழுந்தவன் கணக்கிலேயே வருவதில்லை.

கொடுத்துப் பழக்கினால் சோம்பேறியாவான் என்பார்கள். கொல்லிமலை ஆண்ட வல்வில் ஓரியைக் கேட்போம். பாணர்க்கு அவன் வாரி வழங்கினான். பசி தீர்ந்த பாணர்கள் ஆடலையும் பாடலையுமே மறந்துபோயினர் என்று புறநானூற்றிலே வன்பரணர் வியந்திருக்கிறார். அதற்காக ஓரி கையை மூடிக்கொண்டதாகப் பாட்டு இல்லை. கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்றுதான் தமிழ் அவனை வைத்திருக்கிறது. பசித்தவனிடம் தரவரிசை கேட்பது இந்த மண்ணின் மரபன்று.

இந்த மண்ணின் மரபு வேறு. வகுப்புவாரி உரிமை ஆணை 1928-இலே செயலுக்கு வந்ததே, அப்போது முதலமைச்சர் யார்? திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து டாக்டர் சுப்பராயன்! அதை நிறைவேற்றிக் காட்டியவர் அமைச்சர் முத்தையா முதலியார். 1944-இலே நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் பூண்டது சேலம் மாநாட்டிலே. அதே 1944-இலேதான், வைசிராயின் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் வாதாடியதன் பயனாக, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகைத் திட்டம் பிறந்தது. முன்கூட்டிப் பெற்றவர், பின்வருவோர்க்கு முன்கூட்டிக் கிடைக்க வழிசெய்தார்!

மறுபக்கமும் உண்டு. இதே சேலத்திலே நகராட்சித் தலைவராக இருந்த ஆச்சாரியார், முதலமைச்சராகி, 1953-இலே அரைநாள் பள்ளி, மறுபாதி அப்பன் தொழில் என்றார். நாடு கொதித்தது, 1954-இலே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இன்று அப்படி ஓர் ஆணை தேவையில்லை, தோழர்களே! முதல் பருவக் கட்டணத்துக்கான இரசீதே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. கட்ட முடியாத பிள்ளை தானாகவே அப்பன் தறிக்குத் திரும்புகிறான். ஆணையிட்டவனை எதிர்த்துப் போராடலாம். இரசீதை எதிர்த்து எப்படி முழக்கமிடுவது?

டில்லி என்ன செய்தது? ஆதிதிராவிட, பட்டியலின மாணவரின் உதவித்தொகையிலே பெருஞ்சுமையைச் சில ஆண்டுகள் மாநிலங்களின் தலையிலே இறக்கி வைத்தது. எதிர்ப்பு எழுந்தபின், 2020 டிசம்பரிலே நூற்றுக்கு அறுபது நாங்கள், நாற்பது நீங்கள் என்றது. வருமான வரம்போ ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் என்றே 2021-இன் வழிமுறையிலும் நின்றது. வகுத்துப் பாருங்கள்: திங்களுக்கு 21,000-கூட இல்லை. கணவனும் மனைவியுமாக இரவும் பகலும் தறி ஓட்டி அதைவிடச் சில நூறு கூடுதலாக ஈட்டிவிட்டால், அவர்கள் செல்வந்தர்களாம்! 2022-இலே, சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை கிடைத்த உதவித்தொகை நின்றது. ஆராய்ச்சி மாணவர்க்கான மௌலானா ஆசாத் நிதியுதவியும் அதே ஆண்டு நிறுத்தப்பட்டது. காரணம் கேட்டால், வேறு திட்டங்களும் இருக்கின்றனவாம். தோசை வார்க்கிற வீட்டிலே சோற்றுப் பானையை உடைப்பாரோ?

தமிழ்நாடு வேறு வழி கண்டது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்கல்வி இடம் பெற்றால் கல்விக் கட்டணம் இல்லை என்றது 2010-இலே. அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் முதலிய படிப்புகளில் ஏழரை விழுக்காடும் கட்டணமும் தந்தது 2021-இலே. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்களுக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் என்ற புதுமைப் பெண் திட்டம் 2022-இலே. ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-இலே. இவை எத்தனையாவது இடம் என்று கேட்கவில்லை. எந்தப் பள்ளியிலிருந்து வருகிறாய் என்று கேட்டன. நெறி அதுதான்!

பெற்றது போதுமா? போதாது. எடுத்துக்காட்டுக்கு அயலூர் போக வேண்டியதில்லை. நான் பட்டம் பெறாதவன். இரண்டாம் ஆண்டின் நடுவிலே, கட்டணம் கட்டாதோர் பட்டியலில் பெயர் ஏறிக் கல்லூரியை விட்டு வெளியேறியவன். உதவித்தொகை ஒப்பளிப்பாயிற்று என்ற ஓலை என் வீட்டுக்கு வந்தபோது, நான் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையிலே இருந்தேன். கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது, காலத்திலே கிடைக்கவில்லை. பயிர் கருகியபின் பெய்கிற மழையை, மழைமானிக் கணக்கிலே எழுதலாம். களத்து மேட்டிலே எழுத முடியுமா?

அமெரிக்காவைப் பார் என்பார்கள் தகுதியின் தூதர்கள். பார்ப்போம்! அங்கே பல பல்கலைக் கழகங்கள் விளையாட்டு வீரனுக்குத் தொகை தருகின்றன. 1973-இலே அந்தத் தொகையை ஓராண்டுக்கு ஓராண்டு புதுப்பிப்பதாக ஆக்கினார்கள்; முழங்கால் முறிந்தால், அடுத்த ஆண்டுத் தொகை பயிற்சியாளரின் தயவு என்ற நிலை நெடுநாள் நீடித்தது. ஆனால், உலகம் அண்ணாந்து பார்க்கும் ஹார்வர்டு என்ன செய்கிறது? மதிப்பெண்ணுக்கென்றோ விளையாட்டுக்கென்றோ அது உதவித்தொகை கொடுப்பதே இல்லை. குடும்பத்தின் தேவை ஒன்றையே பார்த்துக் கொடுக்கிறது. தகுதி, தகுதி என்று தொண்டை கிழியக் கத்துவோரே, தகுதியின் தலைநகரமே தேவையைத்தான் கேட்கிறது!

பரிசே வேண்டாம் என்கிறோமா? இல்லை. வென்றவனுக்கு மாலை சூட்டுங்கள், தங்கம் தாருங்கள், தேரிலே ஏற்றுங்கள். அதைப் பரிசு என்றே அழையுங்கள். உதவித்தொகை என்ற பெயரை அதற்கு இரவல் கொடுக்காதீர்கள்.

நாம் கேட்பவை மூன்று. ஒன்று, உதவித்தொகை கல்லூரி திறக்கும் திங்களிலேயே மாணவன் கைக்கு வரவேண்டும். வரும்வரை கட்டணம் கேட்டு எவனையும் வகுப்பிலிருந்து வெளியேற்றக் கூடாது. இரண்டு, பல்கலைக் கழகங்களின் விளையாட்டு நிதியிலே பாதியை, பதக்கம் இல்லாத முதலாண்டு மாணவர்க்கு, திடலிலே ஓடவிட்டும் தாண்டவிட்டும் தேர்ந்தெடுத்து, உணவுக்கும் காலணிக்கும் பயணத்துக்கும் கொடுக்க வேண்டும். மூன்று, காலோ கையோ முறிந்தால், மதிப்பெண் ஒரு பருவம் குறைந்தால், தொகையை வெட்டக் கூடாது. சேலத்திலே 1997 முதல் பெரியாரின் பெயரைத் தாங்கி நிற்கும் பல்கலைக் கழகம் இதிலே வழிகாட்டட்டும். அந்தப் பெயருக்கு அதைவிடப் பொருத்தமான மாலை இல்லை.

தோழர்களே, கோரிக்கை எழுதிவிட்டுக் கைகட்டி நிற்பவர்கள் அல்லர் நாம். எடப்பாடியிலும் சங்ககிரியிலும், இராசிபுரத்திலும் பரமத்தி வேலூரிலும், கொல்லிமலை ஊர்களிலும், படிப்பகம் இருக்கிற இடமெல்லாம் சேர்க்கைக் காலத்திலே ஒரு மேசை போடுங்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எது குறைகிறதென்று பாருங்கள். விண்ணப்பத்தை உடனிருந்து நிரப்பிக் கொடுங்கள். எந்த நாளிலே அனுப்பினோம், எந்த நாளிலே பணம் வந்தது என்று ஓர் ஏட்டிலே எழுதி வையுங்கள். பிந்திய நாள் ஒவ்வொன்றுக்கும் அலுவலகத்தின் வாசலிலே நின்று கணக்குக் கேளுங்கள். உபகாரம் கேட்பவனுக்குத்தான் தயக்கம் வேண்டும். உரிமை கேட்பவனுக்கு ஏடு போதும்.

தறிச் சத்தத்துக்கு நடுவிலே கணக்குப் போடுகிற ஒரு பெண், சேகோ ஆலைக் களத்திலே கிழங்கு மாவு காயும் வெயிலில் வெறுங்காலோடு ஓடிப் பழகுகிற ஒரு பையன், நம் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் இன்னும் எந்தப் பதாகையிலும் ஏறவில்லை. அவர்கள் வாசற்படி தாண்டும் நாள் நெருங்குகிறது. கட்டுச்சோறு ஆயத்தமா?