முதலில் ஹெட்போன் பெட்டியைப் படியுங்கள்

நல்ல ஹெட்போன் வாங்கிய சில வாரங்களில் பலருக்கும் ஒரு சந்தேகம் வருகிறது: இதற்குத் தனியாக ஆம்ப் வேண்டுமா? கடையில் கேட்டால் வேண்டும் என்பார்கள். நண்பர்களோ எந்த மாடல் என்ற விவாதத்துக்கே போய்விடுவார்கள். விடை ஹெட்போன் வந்த பெட்டியிலேயே இருக்கிறது. ஓமில் தரப்படும் இம்பிடன்ஸ், டெசிபெலில் தரப்படும் சென்சிடிவிட்டி என்ற இரண்டு எண்கள்தான் அது. அவற்றைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பெரும்பாலானோர் ஆம்ப் வாங்கவே மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ என்ற ஹெட்போனின் 250 ஓம் மாடலுக்கு ஒரு மில்லிவாட் கொடுத்தால் 96 டெசிபெல் ஒலி வரும். ஹெட்போனைப் போனில் இணைக்க ஆப்பிள் விற்கும் சின்ன யுஎஸ்பி-சி டாங்கிள் அமெரிக்காவில் 9 டாலர். அது அதிகபட்சம் ஒரு வோல்ட் தரும். 250 ஓமில் ஒரு வோல்ட் என்றால் 4 மில்லிவாட். மின்திறன் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் 3 டெசிபெல் கூடும். ஆக, உச்சத்தில் 102 டெசிபெல் கிடைக்கிறது.

அது போதுமா என்பது நீங்கள் கேட்கும் பாட்டைப் பொறுத்தது. இன்றைய சினிமாப் பாடல்கள் மாஸ்டரிங்கிலேயே அழுத்தி உரப்பாக்கப்பட்டவை. அவற்றின் சராசரி ஒலி உச்சத்தை ஒட்டியே ஓடும். டாங்கிள் தாராளமாகப் போதும். ஆனால் கச்சேரிப் பதிவு அப்படியல்ல. ஆலாபனையின் மெல்லிய இடத்துக்கும் தனி ஆவர்த்தனத்தின் உச்சத்துக்கும் பெரிய தூரம் இருக்கிறது. சராசரி 20 டெசிபெல் கீழே இருந்தால், வால்யூமை முழுதாக ஏற்றினாலும் 82-தான் கிடைக்கும். தம்புராவோடு குரல் மட்டும் நிற்கும் இடம் அதற்கும் கீழே போகும். இதே ஹெட்போனில் உச்சம் 110 டெசிபெல் வேண்டுமென்றால் 25 மில்லிவாட், அதாவது இரண்டரை வோல்ட் தேவை. மேசையில் வைக்கும் சாதாரண ஆம்ப்கூட அதைத் தந்துவிடும். கச்சேரி கேட்பவர் 250, 300 ஓம் ஹெட்போன் வைத்திருந்தால் ஆம்ப் வாங்குவது நியாயமான செலவு.

பிலிப்ஸ் எஸ்எச்பி9500 போன்ற 32 ஓம், 101 டெசிபெல் ஹெட்போனை எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஒரு வோல்ட்டில் 31 மில்லிவாட் பாய்கிறது. ஒலி 116-ஐத் தொடுகிறது. இதற்கு ஆம்ப் வாங்கும் பணத்தை இன்னும் நல்ல ஹெட்போனுக்குச் சேர்த்து வையுங்கள். பிளானர் வகை ஹெட்போன்கள் விதிவிலக்கு: ஓம் குறைவாக இருந்தாலும் அவற்றில் பல நிறைய மின்சாரம் கேட்கும்.

டாங்கிள் வாங்குவோருக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஆப்பிள் டாங்கிளில் ஐரோப்பாவுக்கான ஏ2155 மாடல் அரை வோல்ட்தான் தரும். ஒரு வோல்ட் தருவது ஏ2049. பல ஆண்ட்ராய்டு போன்களில் அந்த மாடலும் முழு ஒலி தராது. அத்தகைய போன் வைத்திருப்பவர்கள் வேறு நிறுவனத்தின் டாங்கிளைத் தேடுவது நல்லது.

குறைந்த விலையில் நல்ல ஆம்ப் கிடைக்கும் இன்றைய நிலைக்கு ஒரு முகமற்ற மனிதருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். என்டபிள்யூஏவிகை என்ற புனைபெயரில் மட்டுமே அறியப்பட்ட அந்தப் பொறியாளர் 2011-இல் ஓ2 என்ற ஆம்ப்பை வடிவமைத்து, வரைபடத்தையும் உதிரிப்பாகப் பட்டியலையும் அனைவருக்கும் இலவசமாகக் கொடுத்தார். உதிரிப்பாகச் செலவு ஏறக்குறைய 30 டாலர். அளவீட்டுக் கருவியில் வைத்துச் சோதித்து, விலை பல மடங்கான ஆம்ப்களோடு அது நிற்கும் என்று எண்களால் காட்டினார். விலை ஏற ஏற ஒலி ஏறும் என்று நம்பிக்கொண்டிருந்த உலகில் அது பெரிய அடி. 2012-க்குப் பிறகு அவர் எழுதவில்லை. யாரென்று இன்றுவரை தெரியாது. 2018-இல் ஜேடிஎஸ் லேப்ஸ் 99 டாலருக்குக் கொண்டுவந்த ஆட்டம் ஆம்ப், அவர் திறந்த வழியில் வந்ததுதான்.

அவர் பரவலாக்கிய இன்னொரு விதியும் உண்டு: ஆம்ப்பின் அவுட்புட் இம்பிடன்ஸ், ஹெட்போன் இம்பிடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம். மீறினால் சில இயர்போன்களில் ஒலியின் நிறமே மாறும். இந்த எண்ணைச் சொல்லாத ஆம்ப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வால்வுக்கு அடியில் ஆரஞ்சு எல்இடி வைத்து ஒளிர விட்டு, மலிவாக விற்கப்படும் சின்ன ஆம்ப்களையும் தவிர்த்துவிடுங்கள். அந்த வெளிச்சம் வால்வின் வெளிச்சம் அல்ல.

வாங்கியதைச் சரியாகப் பொருத்தாவிட்டால் பாதிப் பயன் போய்விடும். கம்ப்யூட்டரில் வால்யூமை முழுதாக வைத்து, ஒலியை ஆம்ப்பின் குமிழால் கட்டுப்படுத்துங்கள். கெயின் சுவிட்ச் இருந்தால் 'லோ'வில் தொடங்குங்கள். ஹை கெயினில் குமிழைச் சற்றுத் திருப்பியதுமே ஒலி தாங்காது. அந்தத் தொடக்க இடத்தில்தான் மலிவான வால்யூம் கன்ட்ரோல்களில் இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒலி சமமாக இராது. குமிழ் நடுப்பகுதிக்கு வரும்படி கெயினை வைத்தால் அந்தக் குறை மறைந்துவிடும்.

'உம்ம்' என்ற ரீங்காரம் கேட்டால் ஆம்ப்பைக் குறை சொல்லும் முன் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் கோளாறு எர்த்தில். லேப்டாப்பையும் ஆம்ப்பையும் எர்த் ஒழுங்காக உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருந்தும் எர்த் வயர் இழுக்காமல் விட்டிருப்பார்கள். எலக்ட்ரீஷியனை அழைத்துச் சரிபாருங்கள். அது ஒலிக்காக மட்டும் செய்ய வேண்டிய வேலை அல்ல.

கடைசியாக ஒன்று. ஆம்ப் வந்தபின் காதுக்கு ஆபத்து கூடுகிறது. வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. 3 டெசிபெல் ஏறும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும்: 92-இல் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்தான். குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஹெட்போனைக் காதில் மாட்டுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதைப் பழக்குங்கள்.