கக்குற புள்ளைக்கு மருந்து பால்மா டின் இல்லை



அன்பான ஊர் உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. புதிதாகப் பிள்ளை கிடைத்த வீட்டுக்காரரும், அந்த வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போகிறவர்களும் பொறுமையாக வாசியுங்கள். முக்கியமாக, பார்க்கப் போகிறவர்கள்.

நமது ஊரில் ஒரு பிள்ளை பிறந்து பத்து நாள் ஆகுமுன்னே அந்தத் தாயின் காதில் ஒரு பேச்சு விழுந்துவிடுகிறது. "குடிச்சதெல்லாம் கக்குது. ஒங்கட பால் புள்ளைக்கு ஒத்துக்கல்ல போல." சொல்பவர் மாமியாக இருக்கலாம், சாச்சியாக இருக்கலாம், பக்கத்து வீட்டு ராத்தாவாகவும் இருக்கலாம். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் இரத்தம் காயாத உடம்போடு, நித்திரை இல்லாமல் இருக்கிற ஒரு பிள்ளைக்கு (ஆம், அந்தத் தாயும் ஒரு வீட்டின் பிள்ளைதான்) அந்தப் பேச்சு என்ன செய்கிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. அவள் தன் பாலையே சந்தேகிக்கத் தொடங்குகிறாள். மூன்றாம் நாள் பார்மசியிலிருந்து டின் வருகிறது.

இதை நாம் வெளிப்படையாக எதிர்க்க வேண்டும்.

நமது பேச்சில் இரண்டு சொல் இருக்கிறது. ஒன்று கக்குதல். மற்றது சத்தி எடுத்தல். பெரியவர்கள் அனுபவத்தில் பிரித்து வைத்த இந்த இரண்டையும் இன்று ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். பால் குடித்த பிள்ளை ஏப்பத்தோடோ சும்மா இருக்கும்போதோ வாயோரம் வழிய விட்டுவிட்டு, முகம் சுளிக்காமல் கிடந்தால் அது கக்குதல். வயிறு இறுகி, முக்கி, வேகமாக வெளியே தள்ளினால் அது சத்தி. முதலாவதுக்குத் துவாய் போதும். இரண்டாவதுக்குத்தான் டொக்டர்.

பிள்ளை ஏன் கக்குகிறது? உணவுக் குழாய் வயிற்றோடு சேருமிடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. உள்ளே போனது மேலே வராமல் மூடிப் பிடிப்பது அதன் வேலை. பிறந்த பிள்ளைக்கு அது இன்னும் சரியாக இறுகவில்லை. பிள்ளையோ நாள் முழுக்கப் படுத்திருக்கிறது. குடிப்பது முழுவதும் நீராகாரம். பால் மேலே வருவதில் என்ன ஆச்சரியம்? மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் நாளுக்கு ஒரு தடவையாவது கக்குகிறார்கள். நாலு மாதமளவில் இது கூடவும் செய்யும். பிள்ளை எழுந்து உட்காரத் தொடங்கக் குறைந்து, ஒரு வயதாகும்போது அநேகமாக நின்றுவிடும். பால்மா குடிக்கிற பிள்ளையும் கக்கத்தான் செய்கிறது. இதை டின் வாங்கச் சொல்கிறவர் சொல்வதில்லை.

"திரைஞ்சு தயிர் மாதிரி வருதே, பால் கெட்டுப் போச்சு" என்பது அடுத்த தீர்ப்பு. வயிற்றில் அமிலம் இருக்கிறது. அமிலம் பட்டால் பால் திரையும். திரைந்து வந்தால் செமிபாடு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்குகிற விடயம் இது.

"குடிச்சதெல்லாம் வெளிய வருது" என்பவர்களுக்கு ஒரு சின்னப் பரிசோதனை. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் பாலை ஒரு துணியில் ஊற்றிப் பாருங்கள். பரவி நிற்கும் ஈரத்தைப் பார்த்தால் அரைக் கோப்பை கொட்டியது போல இருக்கும். பிள்ளையின் சட்டையை நனைப்பது அநேகமாக அந்த ஒன்றிரண்டு கரண்டிதான். பால் போதுமா என்பதைச் சட்டையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. கிளினிக் புத்தகத்தில் இருக்கிற நிறைக் கோட்டைப் பாருங்கள். முதல் சில நாளில் நிறை கொஞ்சம் குறைவது வழமை. இரண்டு கிழமைக்குள் பிறந்த நிறைக்குத் திரும்பி, பிறகு ஏறிக்கொண்டே போனால், ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளுக்கு ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் கழித்தால், பிள்ளைக்குப் பால் போதும்.

இப்போது டின் வந்த வீட்டில் நடப்பதைப் பார்ப்போம். தாய்ப்பால் பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் ஊறும். ஒரு நேரம் போத்தல் கொடுத்தால் அந்த நேரத்துக்குரிய உறிஞ்சல் போய்விடுகிறது. உடம்பு, இவ்வளவு தேவையில்லை போல என்று ஊறுவதைக் குறைத்துக்கொள்கிறது. பால் குறையப் பிள்ளை அழுகிறது. அழுததும் இன்னொரு போத்தல். இரண்டு கிழமை போனால் உண்மையாகவே பால் இல்லை. அப்போது "நான் அன்டைக்கே சொன்னேனே" என்று முதலில் சொன்னவரே வந்து சொல்கிறார். சொன்ன பேச்சால்தான் அது நடந்தது என்று அவருக்கு யார் சொல்வது?

2021, 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற மக்கள் நாம். அது எவ்வளவு சீக்கிரம் மறந்துபோனது! கூலி வேலைக்குப் போகிற வாப்பாவின் சம்பளத்தில் மாதம் எத்தனை டின் வாங்கலாம்? சல்லி பற்றாமல் கரண்டியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக் கரைக்கிற வீடுகளில் நட்டப்படுவது பிள்ளையின் உடம்பு.

மார்க்கம் பேசுகிற ஊர் நாம். சூரா அல்பகராவின் 233ஆவது வசனம் தாய்ப்பாலுக்கு இரண்டு முழு ஆண்டுகளைச் சொல்கிறது. அதற்கு முன்பு பால் மறக்கடிப்பதென்றால் தாயும் தகப்பனும் மனம் ஒத்து, கலந்தாலோசித்துச் செய்ய இடம் தருகிறது. அந்த ஆலோசனையில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். பிள்ளை பார்க்க வந்த இருபது பேர் அதில் இல்லை. பாலூட்டுகிற தாய்க்கு உணவும் உடையும் கொடுப்பது தகப்பனின் பொறுப்பு என்றும், பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாயைத் துன்புறுத்தக் கூடாது என்றும் அதே வசனம் சொல்கிறது. "ஒன்ட பால் சரியில்ல" என்று முகத்துக்கு நேரே சொல்வது எந்தக் கணக்கில் சேரும்?

பால்மா கொடுக்கிற எந்தத் தாயையும் நாம் குற்றம் சொல்லவில்லை. நோய், மருந்து, குறைமாதப் பிரசவம் என்று டொக்டர் பார்த்துச் சொன்ன காரணம் இருந்தால் அது சிகிச்சை. அவர்களை யாரும் நோகடிக்க வேண்டாம். நாம் கேட்பது, அந்த முடிவை டொக்டரிடம் விடுங்கள் என்பதைத்தான்.

கக்குகிற பிள்ளைக்குச் செய்யக்கூடியவை சிறிய காரியங்கள். பசியில் வீரிட்டு அழும்வரை காத்திராமல் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். மார்பை மாற்றும்போது ஒரு தடவை ஏப்பம் எடுக்கலாம். குடித்த பின் இருபது, முப்பது நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்திருக்கலாம். குடித்த கையோடு குலுக்குவதும், பம்பர்ஸை வயிற்றில் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். பால் வேகமாகப் பாய்ந்து பிள்ளைக்குப் புரையேறினால் தாய் சற்றுச் சாய்ந்து படுத்தபடி கொடுத்துப் பார்க்கலாம். பிள்ளை மார்பைப் பிடிக்கிற முறையை வீட்டுக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் காட்டுங்கள். உறங்க வைப்பது எப்போதும் மல்லாக்க, தலையணை இல்லாமல். கக்குகிறது என்று குப்புறப் போடுவது ஆபத்து. கிரைப் வோட்டர், சுடுதண்ணீர் ஒன்றும் தேவையில்லை. தேன் ஒரு வயது வரை வேண்டவே வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சின்னப் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து.

இனிச் சொல்வதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பச்சை நிறமாகவோ இரத்தத்தோடோ சத்தி எடுத்தால், காய்ச்சல் இருந்தால், வயிறு ஊதி இறுகினால், பிள்ளை பால் குடிக்க மறுத்தால், சோர்ந்து கிடந்தால், சிறுநீர் குறைந்தால், மூச்சுத் திணறி நீலம் பாய்ந்தால், நேரத்தைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நிறை ஏறாவிட்டாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் கட்டாயம் காட்டுங்கள். பிறந்து இரண்டு, மூன்று கிழமையில் தொடங்கி ஒவ்வொரு தடவையும் பால் பாய்ந்து தூரப் போய் விழுந்தால், வயிற்றிலிருந்து குடலுக்குப் போகும் வாசல் தடித்து அடைபட்டிருக்கலாம். ஆண் பிள்ளைகளில் இது கூடுதல். ஒரு சத்திரசிகிச்சையில் சுகமாகிற நோய் இது. "பால் ஒத்துக்கல்ல" என்று டின்னுக்கு மேல் டின் மாற்றிப் பார்க்கிற வீட்டில், இப்படிப்பட்ட பிள்ளை காய்ந்து மெலிந்த பிறகுதான் ஆஸ்பத்திரியைக் காண்கிறது. சாதாரணக் கக்கலுக்குப் பயந்து மார்பை நிறுத்துகிற அதே பேச்சு, உண்மையான நோயையும் மறைத்துவிடுகிறது.

கடைசியாக வாப்பாமாருக்கு. நனைந்த துணியைத் துவைக்க, இரவில் பிள்ளையைத் தோளில் போட்டு நடக்க உங்களுக்கும் முடியும். வருகிறவர்களுக்குப் பதில் சொல்லவும் முடியும். "மிட்வைஃப் மிஸ் பார்த்தாங்க, நிறை ஏறுது, பால் போதும்" என்று நீங்கள் சொன்னால் பேச்சு அங்கேயே நிற்கும். அதே வார்த்தையைத் தாய் சொன்னால் வாய்க்காரி என்பார்கள்.

பிள்ளை பார்க்கப் போகிறவர்களே, கையில் டின் வேண்டாம். ஒரு சட்டி மீன் ஆணமும் சோறும் கொண்டு போங்கள். பத்துத் துவாய்த் துண்டு கொண்டு போங்கள். கிடக்கிற துணியைத் துவைத்துக் காயப் போட்டு வாருங்கள். பிள்ளை உங்கள் தோளில் கக்கினால் சிரித்துக்கொண்டு துடைத்துவிட்டு, "நல்லாக் குடிச்சிருக்கு, மாஷா அல்லாஹ்" என்று சொல்லுங்கள்.

நமது தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.